ஜோதியின் இடத்தில் நின்றது

பிறையிலிருந்து ஒரகடத்துக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிறது எங்கள் பிறை தொழிற்பேட்டை. அங்கே கார்களுக்குள் ஓடும் வயர்க்கட்டுகளைச் செய்கிற தொழிற்சாலையில் வயரும் டேப்புமாக என் பாதி ஆயுள் போயிற்று. அந்த வேலையில் ஒரு பகுதியை இனிமேல் தமிழ்நாட்டில் செய்வது என்று மேலிடத்தில் முடிவானதும், அங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள். தமிழ் தெரியும் என்பது என் தகுதி. கணவன், பிள்ளை என்று யாரும் இல்லாதவள், கூப்பிட்டால் கிளம்பிவிடுவாள் என்பது வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தகுதி.

கிளம்புகிற வாரம் கேண்டீனில் என் கூட்டாளி பரமேஸ்வரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம சோத்த நீயே அள்ளி அவங்க தட்டுல வச்சிட்டு வரப்போற, அப்படித்தானே?"

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு அதைச் சொல்ல இடமிருக்காது. நான் யார் வாசலிலும் போய் நிற்கமாட்டேன். குழாய் உடைந்தால் நானே ஸ்பேனரை எடுப்பேன். காய்ச்சல் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பேன். அதே கணக்கில் மற்றவர்களும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பேன். இதற்காக எனக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் உண்டு. என் முன்னோர் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்றுகூட நான் விசாரித்ததில்லை. தமிழ்நாட்டில் இறங்கியபோது உடம்பு சிலிர்க்கவும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து கார் வந்த வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள். சாலையின் நடுத்திட்டில் மாடுகள் நனைந்தபடி நின்றன. கொரிய எழுத்தில் ஓர் உணவகப் பலகை, அதற்குப் பக்கத்தில் பழைய டயர்க் கடை, அதற்குப் பின்னால் தண்ணீர் தளும்பும் ஏரி. எங்கள் பக்கம் தொழிற்பேட்டை என்றால் வேலி போட்டுத் தனியாக இருக்கும். இங்கே ஊருக்குள் தொழிற்சாலையா, தொழிற்சாலைக்குள் ஊரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை தங்கும் விடுதிக்குக் கீழே இருந்த மெஸ்ஸில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"டிபனா? இட்லி, வடகறி கீதும்மா. சூடா சாப்டுங்க."

வடகறியை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. வடையை உதிர்த்துப் போட்டுக் குழம்பாக்கினதுபோல் இருந்தது. இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். கோப்பிதான் ஏமாற்றம். எங்கள் ஊரில் குவளை நிறையக் கறுப்பாகத் தருவார்கள். இங்கே சின்ன டம்ளரில் நுரையைத்தான் குடித்தேன்.

சாப்பிட்டு வெளியே வந்தால் கம்பெனி கார் இல்லை. ஓட்டுநரின் கைப்பேசி அணைந்திருந்தது. சீருடை போட்ட ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "எந்த கம்பெனிம்மா? ஏறுங்க, வுட்டுட்டுப் போறேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேருந்து எங்கே நிற்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தேன். வல்லக்கோட்டை சாலை முனையில் கம்பெனி பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. குட்டையில் கால் வைத்து, செருப்புக்குள் சேறு ஏறி, நான் ஓடுகிற லட்சணத்தை நாலு ஊர் பார்த்தது.

பேருந்து போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. ஒரு பெண் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஓட்டுநர் கத்தினார்:

"டெய்லி இதே ரோதனையா கீது ஒன்னோட! லேட்டானா ஒன்னியா கேப்பாங்க? என்னியத்தான் கேப்பாங்க!"

"ஒரு நிமிசம்ண்ணா. வயசானவங்க ஓடி வராங்க, கண்ணு தெர்ல?" என்றாள் அவள். எனக்கு அந்த 'வயசானவங்க' பிடிக்கவில்லை. ஆனாலும் ஏறிக்கொண்டேன்.

இது அந்தப் பேருந்துகளில் ஒரு வழக்கம் என்று பிறகு தெரிந்தது. யாராவது ஓடிவந்தால், படிக்குப் பக்கத்தில் இருப்பவள் ஒரு காலைக் கீழே இறக்கிவிடுவாள். கால் தரையில் இருக்கும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார், திட்டுவதோடு சரி. ஓடிவருகிறவள் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்று இல்லை. கழுத்தில் அடையாள அட்டை ஆடினால் போதும்.

எங்கள் பிறையிலும் தொழிற்சாலைப் பேருந்துகள் உண்டு. அவை யாருக்காகவும் நிற்பதில்லை. ஒருநாள் விட்டவள் மறுநாள் சீக்கிரம் எழுந்துவிடுவாள். இதை அவளிடம் சொன்னேன்.

"அப்டியா மேடம்? அப்ப இன்னிக்கு உங்கள வுட்டுட்டு வந்திருக்கணும்" என்று சிரித்தாள். பெயர் ஜோதி. ஊர் பக்கத்திலேயே, சேரப்பணஞ்சேரி.

எங்களுக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜோதிக்கு அந்தப் பேச்சு ஓரளவு புரியும். என் காதில் சொன்னாள்: "அந்தப் பொண்ணு புச்சா வந்துகீது. 'அம்மா போன் பண்ணா அழுவாத, இங்க சோறு நல்லா கீதுன்னு சொல்லு'ன்னு இவ சொல்லிக் குடுக்கிறா." சொல்லிக்கொடுத்தவள் மினதி. அவளும் நான் பயிற்சி கொடுக்கப்போகும் லைனில்தான் இருந்தாள்.

அந்த லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பலகைகள் வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெண் நின்று தன் பங்கு வயரைப் பொருத்துவாள், டேப் சுற்றுவாள். அவள் முன்னால் ஓர் அட்டைப் பொந்து. தன் அட்டையை அதில் செருகினால்தான் அந்த இடத்தில் பச்சை விளக்கு எரியும். யார் கைபட்டு எந்த வயர்க்கட்டு உருவானது என்று அது பதிந்துகொண்டே போகும். ஓர் இடம் காலியானால் முழு லைனும் நின்றுவிடும். ஆகவே ஒருத்திக்குக் கழிவறை போக வேண்டுமென்றால் கையைத் தூக்குவாள். ரிலீவர் ஓடிவந்து, அவள் அட்டையை உருவித் தன் அட்டையைச் செருகி, அவள் திரும்பும்வரை அந்த இடத்தில் நிற்பாள். ரிலீவர் என்றால் எல்லார் வேலையும் தெரிந்தவள், எல்லாருக்கும் பதிலாக நிற்பவள்.

எங்கள் லைனின் ரிலீவர் ஜோதி. கைகள் தூக்கப்படுமுன்பே யாருக்கு முடியவில்லை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் மட்டும் ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை மூன்றாம் நாள் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா போவணும்ல. ரிலீவருக்கு யாரு மேடம் ரிலீவரு?"

சூப்பர்வைசர் இசக்கிராஜிடம் சொன்னேன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன், நல்லவன், எப்போதும் பயந்த முகம். "ரெண்டு ரிலீவர் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன் மேடம். தரல. நான் என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜோதி என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை, யாழினி. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் முருகனைக் குழந்தை அண்ணாந்து பார்த்து, "சாமிக்கு கால் வலிக்காதா?" என்று கேட்டது. நிற்பதையே வேலையாகக் கொண்ட வீட்டுக் குழந்தை வேறு என்ன கேட்கும்.

பிரசாதப் புளியோதரையைத் தின்றுகொண்டே ஜோதி தன் கதையைச் சொன்னாள். புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், போன் நம்பரை மாற்றிக்கொண்டுவிட்டான். பெற்றவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது.

"புது லைன் ஓட ஆரம்பிச்சா கொஞ்ச பேர கம்பெனி ரோல்ல, பர்மனென்ட்டா எடுக்கறாங்க மேடம். இப்ப நா கான்ட்ராக்ட்டு. ரோல்ல வந்துட்டா உள்ள புள்ளைங்க ரூம்பு கீதுல்ல, அங்க பாப்பாவ வுட்டுக்கலாம். நர்ஸ் இருக்காங்க, டாக்டர் வராரு. அப்பறம் நா யாரையும் கேக்க வேணா."

"மேரி அக்கா முகம் சுளிக்கிறாங்களா?"

"சேச்சே. கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க மேடம். ஆனா கேட்டப்பறம் நம்மகிட்ட பேசுற பேச்சு மாறிடும். அதுக்கு பயந்துதான் நா கேக்கறது இல்ல."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் என் வாயிலிருந்துதான் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கேட்காமல் இருந்த நான், கொடுக்காமலும் இருந்தேன். அவள் தன்னைத் தவிர எல்லாருக்கும் நின்றாள். அவள் பெயரை ரோலுக்குப் பரிந்துரைத்து அன்றே மனதுக்குள் எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் சோதனை ஓட்டம். மேலாளர்கள் மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு லைன் நிற்காமல் ஓடினால் ரோல் பட்டியல் கையெழுத்தாகும் என்று எல்லாருக்கும் தெரியும். மினதிக்கு டேப் வெட்டும் கத்தி விரலில் பட்டு, முதலுதவி அறைக்குப் போனாள். அவள் இடத்தில் ஜோதி போய் நின்றாள்.

அப்போது இசக்கிராஜ் கேட்டிலிருந்து வந்த தகவலோடு ஓடிவந்தான். உள்ளே கைப்பேசி கிடையாது, எல்லாம் லாக்கரில். வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும் கேட்டுக்குத்தான் போன் வரும். குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல், வலிப்பு வந்து நிற்கவில்லை, மேரி அக்கா ஆட்டோ கிடைக்காமல் சாலையில் நிற்கிறார்.

ஜோதியின் கை நிற்கவில்லை. சிவப்பு வயர், கறுப்பு வயர், அடுத்த பலகை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து முகமூடிக்குள் இறங்கியது. மற்ற பெண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் நகர முடியாது, நகர்ந்தால் அவள் இடம் காலி.

"வேற ஆளு இல்ல மேடம்" என்றான் இசக்கிராஜ், என்னிடம் மன்னிப்புக் கேட்பவனைப்போல. "மினதிக்குக் கட்டுப் போட்டு முடிக்கட்டும்..."

நான் கையுறையை மாட்டிக்கொண்டு ஜோதியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ போ. நான் நிக்கிறேன்."

"வேணா மேடம். நீங்க நிக்கக் கூடாது."

"போன்னு சொல்றேன்ல!"

அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் பலகையைப் பிடித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு ஓடினாள். அவள் அட்டை பொந்திலேயே இருந்தது. என் கழுத்தில் இருந்தது விருந்தினர் அட்டை. அதைச் செருகினால் சிவப்பு விளக்குதான் எரியும், லைன் நிற்கும். அட்டைக்குரியவள் இல்லாமல் வேறொருத்தி நிற்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை அந்தப் பெண்களுக்கு வந்த நாளே சொல்லிக்கொடுத்தவள் நான்தான். தெரிந்தே நின்றேன். பிறகு விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம், என் பேச்சுக்கு மதிப்பு இருக்கும் என்ற தைரியம்.

இசக்கிராஜ் ஜோதிக்கு வெளியே போகும் சீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, என் கையைப் பார்த்தான், பொந்தைப் பார்த்தான். "நான் ஒண்ணும் பாக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மினதி விரலில் கட்டோடு வரும்வரை நான் நின்றேன். என் கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மெய்யாகவே சந்தோஷமாக இருந்தது. சொன்னால் என்ன, என்னை நினைத்து எனக்கே பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் ஜோதி வரவில்லை. வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். வழியில் தேங்கிய தண்ணீரில் வண்டி இருமி நின்றுவிட்டது. பயணிகள் யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் இறங்கித் தள்ளினேன்.

யாழினி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி. ஜோதி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டுக்கு வெளிய வந்து பாத்தா ஒரு வண்டி இல்ல மேடம். மழ வேற. நடு ரோட்டுல போய் ரெண்டு கையையும் நீட்னேன். நானு! ஒரு ஆளு பைக்க நிறுத்தினாரு. யாரு, எந்த ஊருன்னு தெரியாது, இந்தியில பேசறாரு. மேரி அக்கா நின்ன எடத்துக்கு வந்து, பாப்பாவ தன் ரெயின்கோட்டுல சுத்தி, எங்கள ஆஸ்பத்திரில எறக்கிவுட்டு, அவரு நனைஞ்சிக்கினே போய்ட்டாரு. பேரு கூட கேக்கல மேடம் நானு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா மூளைக்கி அடிச்சிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. மனநிறைவோடு திரும்பினேன்.

அந்த மனநிறைவு மறுநாள் மதியம்வரைதான் இருந்தது. கேட்டில் ஜோதி வெளியே போன நேரமும், பலகையில் ஜோதியின் அட்டை வேலை செய்துகொண்டிருந்த நேரமும் இடித்தன. ஆளில்லாமல் அட்டை ஓடுவது அங்கே மிகப் பெரிய குற்றம். அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கேள்விப்பட்டதும் நான் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று வரவேற்றார், முந்திரி வைத்தார்.

"அது நான்தான். அவ அட்டையைக் கொடுக்கல, நான் எடுக்கவிடல" என்றேன்.

"நீங்க எங்க கெஸ்ட் மேடம். உங்க நல்ல மனசு புரியுது. மனசுல வெச்சுக்காதீங்க."

"அப்ப அவளை விட்டுடுங்க."

"அட்டைய விட்டுட்டுப் போனது அவங்கதானே மேடம். நாளைக்கு ஒரு கார்ல பிரச்சினை வந்தா யார் செஞ்சதுன்னு நான் யாரைக் காட்டுவேன்?"

அவர் சொன்னது நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான். நான் கட்டிய வயர்க்கட்டுகளை அன்று மாலையே தேடியெடுத்துக் கத்தரித்துப் போட்டார்கள். ஒன்றில்கூடக் குறையில்லை, இருந்தாலும் யார் கைபட்டது என்று சொல்ல முடியாத சரக்கு சரக்கில்லை. இசக்கிராஜுக்கு ஒரு மெமோ. ஜோதி ரிலீவர் வேலையிலிருந்து இறக்கப்பட்டாள். ரோல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக்கூட நல்ல இடத்துக்கு அழைத்துப்போனார்கள்.

பேருந்துகள் நிற்கும் கொட்டகையில் ஜோதியைப் பிடித்தேன். மறுபடி பேசிப் பார்க்கிறேன், பிறையில் என் மேலதிகாரியை விட்டுப் பேசச் சொல்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"நா கேட்டனா மேடம்?" என்றாள்.

நான் நிறுத்திவிட்டேன்.

"வேணான்னு சொன்னேன்ல? தள்ளிவுட்டீங்க. நீங்க நிக்கலன்னா எம் பொண்ணு எனுக்கு இல்ல. அது எனுக்குத் தெரியாதா? தெரியும். உங்க கால்ல வுழணும். ஆனா உங்கள பாத்தா கோவங்கோவமா வருது. நீங்க இன்னும் ரெண்டு மூணு நாள்ல ஃப்ளைட் ஏறிப் பூடுவீங்க. நா இங்கியே நிக்கணும். பேசவும் வேணா, ஒண்ணும் வேணா. வுடுங்க."

பேருந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் கொட்டகையில் நின்றேன். இத்தனை வருடமாக நான் யாருக்கும் உதவி செய்யாமல் இருந்ததற்கு ஒரு நல்ல காரணம் இருந்ததாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

கடைசி நாள். மாலையில் விமானம். லைனில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். மினதி கட்டுப் போட்ட விரலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா மறுபடி வருது?" என்று தன் தமிழில் கேட்டாள். ஜோதி பலகையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். முதல் ஷிஃப்ட் விட்டது. காரில் பெட்டியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஓட்டுநர் சாவியைத் திருகும்போது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

ஜோதி. ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன, அவளுக்கும் நேரமில்லை.

"மேடம்..." என்றாள். நான் கதவைத் திறந்தேன். உதவி செய்யவா என்று கேட்கவில்லை. அவள் கேட்குமுன் முந்திக்கொள்ளும் தவறை இன்னொரு முறை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. காத்திருந்தேன்.

"மேரி அக்கா நாளையிலேர்ந்து பாக்க மாட்டேன்னுட்டாங்க. எங் கையில இருக்கும்போது இன்னாவது ஆயிட்டா நா இன்னா பண்ணுவேன்னு அழுவுறாங்க. அவங்க மேல தப்பு இல்ல. நாளிக்கி நா வேலைக்கி வந்தா பாப்பா தனியா கெடக்கணும், வரலன்னா வேல பூடும்." தரையைப் பார்த்துச் சொன்னாள். "ரோலு வேணா மேடம். அந்த ரூம்புல பாப்பாவ வுட மட்டும் பர்மிசன் கேளுங்க. எனுக்காக கேக்கறீங்களா?"

"கேக்கிறேன்" என்றேன்.

அவள் தன் பேருந்துக்கு ஓடினாள். நான் இறங்கி உள்ளே போனேன். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார், எப்போது முடியும் என்று தெரியாது என்றாள் வரவேற்பில் இருந்த பெண். முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். தேநீர் வந்தது. ஓட்டுநர் வந்தார், "மேடம், இப்ப கிளம்பலன்னா ரோடு ஜாம் ஆயிடும்" என்றார். இன்னொரு முறை வந்தார். மூன்றாவது முறை அவரே என் பெட்டியைத் தூக்கிவந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறையில் என் மேலதிகாரிக்கு, இன்று வரவில்லை, டிக்கெட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். அவர் அனுப்பிய பதிலை இங்கே எழுத வேண்டாம்.

மேலாளர் வெளியே வந்து என்னைக் கண்டதும் திடுக்கிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், உங்க ஃப்ளைட்?"

"போயிருக்கும்."

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்திரி வரவில்லை. நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அது ரோல்ல இருக்கிறவங்க குழந்தைங்களுக்கு மட்டும் மேடம்."

"தெரியும். காத்திருந்த நேரத்துல அந்த அறையைப் போய்ப் பாத்தேன். பாதிக்கு மேல காலியா இருக்கு. போன தடவை உங்ககிட்ட வந்து நான் என் தப்பைப் பத்திப் பேசினேன். அதை நீங்க கேக்கலன்னு இப்ப வருத்தம் இல்ல. இது வேற. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு இடம் வேணும். இல்லன்னு சொன்னீங்கன்னா நாளைக்கும் இதே நாற்காலியில உட்காருவேன். மிரட்டல் இல்ல. எனக்கு வேற வழி தெரியல."

அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

"அடுத்த ரோல் லிஸ்ட் வர்ற வரைக்கும். எழுத்துல தரமாட்டேன்."

"எழுத்து வேண்டாம். கேட்ல சொல்லிடுங்க."

ஜோதிக்கு போனில் சொன்னேன். "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கேட்டுக்கு முன்னால் நின்றேன். சொன்ன வார்த்தை ராத்திரியில் மாறிவிடுமோ என்ற சந்தேகம்தான் காரணம். பேருந்திலிருந்து ஜோதி இறங்கினாள். தோளில் தூங்கும் குழந்தை, கையில் மருந்துப் பை, பால் பாட்டில், மாற்றுத் துணி. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஃப்ளைட்டு நேத்து சாய்ங்காலம்னு சொன்னீங்களே?"

"போயிடுச்சு."

"எனுக்காகவா வுட்டீங்க?" குரல் உயர்ந்தது, பழைய கோபம் எட்டிப்பார்த்தது. "யாரு மேடம் உங்கள கேட்டாங்க?"

"நீதான் கேட்ட."

கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தூங்கும் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"கொஞ்சம் புடிச்சிக்கோங்க மேடம், செக்கிங் முடிச்சினு வரேன்" என்று சொல்லிவிட்டு, பைகளை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் நின்றாள்.